வெட்டியாச்சா என்று கேட்கக் கூடாது

மின்சாரக் கம்பியில் உரசுகிற கிளைகளை வெட்டுவதுதான் எங்கள் தொழில். மரத்துக்காரனும் ஏசுவான், கரண்ட் போனவனும் ஏசுவான், கம்பி மட்டும் ஒன்றும் சொல்லாது.

நாங்கள் மின்சாரக் கந்தோரில், அதுதான் மின்சார அலுவலகத்தில், வேலை செய்கிறவர்கள் இல்லை, கந்தோருக்காக வேலை செய்கிறவர்கள். இந்த வித்தியாசம் கொந்தராத்தில், ஒப்பந்தக் கம்பெனிக்கு, வேலை செய்கிற எல்லோருக்கும் விளங்கும். ஆஸ்பத்திரியில் தரை கழுவுகிறவர்களே, வங்கி வாசலில் காவல் நிற்கிறவர்களே, நீங்களும் எங்கள் கட்சிதான். அதே இடம், அதே வெயில், சட்டை மட்டும் வேறு. அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் நடுவில் நான் பட்ட பாட்டில் கொஞ்சத்தைச் சொல்கிறேன். உங்கள் பாட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

முக்கியமில்லாத வேலை

முன்பெல்லாம் கிளை வெட்டவும் கந்தோர் ஆட்களே வருவார்கள். லொறியில் ஒன்றாக வந்து, ஒன்றாகப் பாணும் பருப்பும் சாப்பிட்டு, ஒருவர் சந்திக்குப் போய் சுவிட்சை இறக்குவார், இன்னொருவர் மரத்தில் ஏறுவார். மரத்தில் நிற்பது யாரென்று சுவிட்சடியில் நிற்கிறவருக்குத் தெரியும். ஏறினவருடைய பிள்ளைகளின் பெயரும் தெரியும். நான் அவர்களோடு நாட்கூலிக்குக் கிளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் கொழும்பிலிருந்து ஒரு பெரியவர் வந்து எல்லோரையும் கதிரை போட்டு உட்காரவைத்தார். சுவரில் படம் காட்டி, சிங்களத்தில் நெடுநேரம் பேசினார். கந்தோருக்கு என்று உள்ள வேலைகளைக் கந்தோர் வைத்துக்கொள்ளும், மற்றதெல்லாம் வெளியில் கம்பெனிகளுக்குக் கொடுக்கப்படும் என்பது சாரம். மொழிபெயர்க்க எழும்பிய கிளார்க் தம்பி அதற்குச் சரியான தமிழ் கிடைக்காமல் கொஞ்சம் முழித்துவிட்டு, "முக்கியமான வேல, முக்கியமில்லாத வேல" என்று பிரித்துவிட்டார். தரை கழுவுவது, பில் கொடுப்பது, டெலிபோன் எடுப்பது, மரம் வெட்டுவது எல்லாம் முக்கியமில்லாத வேலை. சுவிட்ச் இறக்குவது முக்கியமான வேலை.

மரம் வெட்டுகிற கம்பெனி என்னை மேற்பார்வையாளர் ஆக்கியது. மேற்பார்வை என்றால் கிளையையும் இழுத்துக்கொண்டு ஏச்சையும் வாங்குவது. அன்றைய கூட்டத்தில் என் பக்கத்தில் இருந்தவன் சிராஜ், பிறகு என்னோடு அதே கம்பெனிக்கு வந்தவன். மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பம், பிறந்தது புத்தளத்தில், மரம் ஏறுவதில் அவனை மிஞ்ச எங்கள் பக்கத்தில் ஆளில்லை. கேள்வி இருந்தால் கேட்கலாம் என்று கிளார்க் தம்பி சொன்னதும் சிராஜ் எழும்பி நின்றான். கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

"மரத்துல ஏறுறவன்ட உசிரு எந்தப் பக்கம் சேர், முக்கியமானதுலயா, மத்ததுலயா?"

நீங்க ஆரு?

கற்பிட்டி வீதியில் ஒரு ஹாஜியார் வீட்டு ஈரப்பலா மரம் கம்பிக்கு மேலே கவிழ்ந்து நின்றது. அந்த ஈரப்பலாவைப் பற்றி மனிதர் வைத்திருந்த பெருமை எங்களுக்கு முதலில் தெரியாது. கேற்றைத் தட்டினோம். அவர் தேங்காய் உரித்துக்கொண்டிருந்த கத்தியோடே வந்தார், கேற்றைத் திறக்கவில்லை. கந்தோர் அடையாள அட்டையைக் கேட்டார். எங்களிடம் இருந்தது கம்பெனி அட்டை. அதில் ஒரு பச்சை இலைப் படமும் எங்கோ மாகோலைப் பக்கத்து விலாசமும் இருந்தன.

சரி, கந்தோருக்கு அடித்துக் கேட்கிறேன் என்று போனை எடுத்தார். டெலிபோன் எடுக்கும் வேலையும் வேறொரு கம்பெனியிடம் போயிருந்ததை அவருக்கு யார் சொல்வது? எங்கள் கம்பெனி பெயரை அந்தக் கம்பெனி கேள்விப்பட்டதே இல்லையாம். "கரண்ட் கந்தோரும் இல்ல, மரக் கந்தோரும் இல்ல, அப்ப நீங்க ஆரு?" என்று அவர் கேட்டபோது கத்தி இடது கையிலிருந்து வலது கைக்கு மாறியிருந்தது. வீதியில் ஆட்கள் கூடினார்கள். பட்டப்பகலில் மெசின் வாளோடு வளவுக்குள் புக நின்ற கள்ளர்கள் என்று எங்களைப் படம் எடுத்தவர்களும் உண்டு.

கடைசியில் சந்தியில் சுவிட்சடியில் நின்ற நிமலைக் கூப்பிட்டேன். நிமல் கந்தோர் ஆள். சிலாபத்துச் சிங்களவர், தமிழ் எங்களைவிட வேகமாகக் கதைப்பார். முன்பு சிராஜோடு ஒரே லொறியில் வந்தவர். கந்தோர்ச் சட்டையோடு மோட்டர்சைக்கிளில் வந்து, இரண்டு வார்த்தை சொன்னார், கேற் திறந்தது. ஹாஜியார் கத்தியை இறக்கிவிட்டு, மரத்தையும் சிராஜையும் மாறி மாறிப் பார்த்துச் சொன்னதை நான் அப்படியே தருகிறேன்.

"நிமல் மாத்தயா சொன்னதுக்காக விடுறன், ஆனா இவன் விழுந்தா என்ட வளவுக்குள்ள விழக் கூடாது, ரோட்டுப் பக்கமா விழச் சொல்லுங்க."

தமிழுக்கு இரண்டை அழுத்துங்கள்

எலுவன்குளத்தில் கிளை வெட்டப் போன அன்று காற்று எங்களை முந்திவிட்டது. நாங்கள் போய்ச் சேரும்போதே ஒரு பெரிய கொப்பு முறிந்து கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. கம்பி ஒரு ஓலைக் கொட்டிலுக்கு மேலே தாழ்ந்து வந்து, கொப்பிலிருந்து புகை கிளம்பி, இடைக்கிடை படபடவென்று பொறி பறந்தது. கொட்டிலுக்குள் விதைநெல் மூட்டைகள் இருந்தன. அந்த வீட்டுக்கார விவசாயி அதை எடுக்க உள்ளே ஓடப் பார்க்கிறார், சிராஜ் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

உடனே கரண்டை நிறுத்த வேண்டும். விதிப்படி நான் அவசர இலக்கத்துக்கு அடிக்க வேண்டும். அடித்தேன். தமிழுக்கு இரண்டை அழுத்தச் சொன்னது, அழுத்தினேன். நாதஸ்வரமும் இல்லாத கிட்டாரும் இல்லாத ஒரு பாட்டுப் போனது. பிறகு பேச வந்த பெண்பிள்ளை மிக மரியாதையாகக் கணக்கு இலக்கம் கேட்டது. எனக்கு இங்கே கணக்கு இல்லை, நான் மரம் வெட்டுகிற ஆள் என்றேன். அப்படியானால் கணக்கு உள்ளவரிடம் கொடுக்கச் சொன்னது. சிராஜ் பிடித்துக்கொண்டிருந்த மனிதரின் காதில் போனை வைத்தேன். அந்தப் பிள்ளை அவருடைய முறைப்பாட்டைப் பதிந்துகொண்டு, முறைப்பாட்டு இலக்கத்தை எழுதிக்கொள்ளச் சொன்னது.

நான் பொறுமையிழந்து சிராஜின் போனை வாங்கி, சந்தியில் சுவிட்சடியில் காத்து நின்ற நிமலுக்கு அடித்தேன். ஒரு பாட்டுக்கும் நேரமெடுக்காமல் புகை அடங்கியது. கொட்டில் தப்பியது. ஆனால் அந்த விவசாயி இன்னும் என் போனில் அந்தப் பிள்ளையோடுதான் இருந்தார்.

"நம்பர நான் வச்சி என்ன செய்ய மகள், மரத்துல கட்டித் தொங்க விடவா?"

ஒரு சொல், இரண்டு வெட்டு

கொட்டில் தப்பினதற்கு நன்றி வரும் என்று நினைத்தீர்களானால் நீங்கள் கொந்தராத்தில் வேலை செய்தவர் இல்லை. வந்தது கட்டளை. கந்தோர் ஆட்களும் கம்பெனி ஆட்களும் நேரே கதைக்கக் கூடாது. நிமல் சுவிட்சை இறக்கினதும் சிலாபத்தில் இருக்கும் எங்கள் கம்பெனி ஒபிசுக்குச் சொல்வார். அங்கே தர்ஷினி மிஸ் அதைக் கம்ப்யூட்டரில் பதிந்துவிட்டு எனக்குச் சொல்வா. அதற்குப் பிறகு நான் சிராஜுக்குச் சொல்வேன். காகிதத்தில் பார்த்தால் அழகாகத்தான் இருக்கும்.

எங்கள் வாயில் ஒரு பழக்கம் இருந்தது. கரண்டை நிறுத்துவதையும் வெட்டுவது என்றுதான் சொல்வோம், கிளையை வெட்டுவதையும் வெட்டுவது என்றுதான் சொல்வோம். நிமல் எனக்கு நேரே அடித்த காலத்தில் "வெட்டியாச்சு" என்றால் கரண்ட் இல்லை, ஏறலாம். நான் நிமலுக்கு "வெட்டியாச்சு" என்றால் கிளை விழுந்தது, சிராஜ் இறங்கிவிட்டான், கரண்டைப் போடலாம். யார் வாயிலிருந்து வருகிறது என்பதை வைத்தே எது வெட்டு என்று விளங்கும். நடுவில் மூன்றாவது வாய் ஒன்று வரும் என்று அந்தச் சொல்லுக்குத் தெரியாது.

அன்று பாலாவிக்கு அப்பால் ஒரு வேப்பமரம். நல்ல தடிப்பான கொப்பு ஒன்று கம்பிக்கு மேலே நீண்டிருந்தது. தொடவில்லை, ஆனால் வெட்டினால் கம்பியில்தான் விழும். அதற்காகத்தான் கரண்டை நிறுத்துவது. கடலிலிருந்து காற்று வீசிக்கொண்டிருந்தது. சிராஜ் வழக்கம் போல் தன் போனை என்னிடம் தந்துவிட்டு இடுப்புக் கயிற்றைக் கட்டினான். நான் சிலாபத்துக்கு அடித்துக் கேட்டேன். "மிஸ், வேப்பமரம், வெட்டியாச்சா?" கம்ப்யூட்டரில் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு தெளிவாகப் பதில் வந்தது. "ஓம் நானா, வெட்டியாச்சு." நான் சிராஜைப் பார்த்துத் தலையாட்டினேன். அவன் ஏறினான்.

அவன் கொப்பின் கவட்டில் கால் வைத்து, கத்தியை எடுத்து, நுனியை இழுத்துப் பிடிக்க இரும்புக் கொக்கத்தடியை மேலே வாங்கிக்கொண்டான். அப்போது பக்கத்து வீட்டு அக்கா ஒருவர், எங்கள் வாயில் ராத்தா, ஈரக் கையைத் துடைத்தபடி வேலியடிக்கு வந்தார். முகத்தில் ஒரு கோபமும் இல்லை, ஒரு சின்ன உதவி கேட்கிற சாடைதான்.

"தம்பி, கரண்ட வெட்டக்குள்ள ஒரு சொல்லுச் சொல்லிட்டு வெட்டுங்க, தண்ணி மோட்டர் போட்டிரிக்கன், டேங்க் நிரம்பட்டும்."

சாப்பிட்டாச்சு

மோட்டர் ஓடுகிற சத்தம் அப்போதுதான் என் காதுக்கு வந்தது. அதற்கு முன்பும் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கும். மேலே பார்த்தேன். சிராஜின் கையிலிருந்த கொக்கத்தடி கம்பிப் பக்கமாக நீண்டுகொண்டிருந்தது.

கத்தத்தான் வாயைத் திறந்தேன். கத்தினால் அவன் திடுக்கிடுவான், கை எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. என் வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக நான் பேசினதில்லை. சிராஜ், கையை அசைக்காதே, கம்பியில் கரண்ட் இருக்கு என்றேன். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. தடி அப்படியே நின்றது. காற்று கொப்பைத் தள்ளியது, கொப்பு அவனைத் தள்ளியது, அவன் முதுகை மரத்தோடு ஒட்டிக்கொண்டு தடியை முழம் முழமாகத் தன் பக்கம் இழுத்தான். ராத்தாவுக்கும் விளங்கிவிட்டது. வேலியைப் பிடித்தபடி வாய்க்குள் ஓதத் தொடங்கினார்.

தடியைக் கீழே போட்டான், கத்தியைப் போட்டான், பிறகு இறங்கினான். நிலத்தில் கால் பட்டதும் மரத்தடியிலேயே இருந்துவிட்டான். நான் ஏதோ சொல்லப் போனேன், அந்த நேரம் பார்த்து என் சட்டைப்பையில் அவனுடைய போன் அடித்தது. அவனுடைய மனைவி பகலில் எடுக்கிற வழக்கமான அழைப்பு. எடுக்கட்டுமா என்று கண்ணால் கேட்டேன். அவன் கையை நீட்டி வாங்கினான். குரல் வழக்கம் போலவே இருந்தது. சாப்பாட்டுப் பார்சல் லொறியில் அவிழ்க்காமலே கிடந்தது.

"ஓம், ஒண்டுமில்ல, வேலதான், சாப்பிட்டாச்சு."

ஒன்றும் நடக்கவில்லை

தர்ஷினி மிஸ் சொன்ன வெட்டு, முந்தின நாள் நாங்கள் மதுரங்குளியில் வெட்டி முடித்த வேப்பமரம். அவவுடைய கம்ப்யூட்டரில் வேப்பமரம் என்று போட்டால் அதுதான் வந்திருக்கிறது, வெட்டியாச்சு என்று பச்சை அடையாளத்தோடு. நிமல் அந்த நேரம் சந்தியில் ஏணியைக் கூடச் சாத்தியிருக்கவில்லை. மிஸ் போனில் அழுதா. நான் ஏசத்தான் எடுத்தேன், ஏச முடியவில்லை. மரத்தையும் கம்பியையும் கண்ணால் காணாத ஒரு பிள்ளையை அந்த நாற்காலியில் வைத்தவரை ஏச வேண்டும், அவர் யாரென்று எனக்குத் தெரியாது.

கம்பெனி அதிகாரி ஒருவர் வந்தார். குளிரூட்டிய வாகனத்திலிருந்து இறங்கவில்லை, கண்ணாடியை மட்டும் இறக்கினார். இனிமேல் கரண்டுக்கு "நிறுத்தியாச்சு" என்றும் மரத்துக்கு "வெட்டியாச்சு" என்றும் சொல்ல வேண்டும் என்றார். நல்ல விஷயம்தான். நிமல் எங்களுக்கு நேரே சொன்னால் இன்னும் நல்லது என்றேன். அது ஒப்பந்தத்தில் இல்லையாம். அப்படியானால் நடந்ததைக் கந்தோருக்காவது அறிவியுங்கள் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் உண்மையான வியப்பு இருந்தது.

"ஒண்டும் நடக்கயில்லத்தானே ரபீக், அப்ப எதப் பத்தி அறிவிக்கிறது?"

சாக்குப் பை

வேப்பமரம் அங்கேயேதான் நின்றது. மழைக்காற்றுக்கு முன் அதை வெட்டாவிட்டால் அந்தப் பக்கம் முழுக்க இருட்டு. மறுபடி நாள் குறித்தார்கள். தர்ஷினி மிஸ் புதுச் சொல்லில், ஒவ்வொரு எழுத்தாக, "நி-றுத்-தி-யாச்-சு நானா" என்றா. ராத்தாவின் மோட்டரும் ஓடவில்லை. ஆனால் சிராஜ் ஏறவில்லை. மரத்தடியில் சாறனை மடித்துக்கொண்டு இருந்துவிட்டான். நிமலின் வாயால் கேட்காமல் ஏற மாட்டேன் என்றான். இப்போது நிறுத்தியிருக்கலாம், நான் மேலே நிற்கும்போது வேறு யாராவது வேறு எதையாவது கேட்டு, அதற்கு யாராவது ஓம் என்று சொன்னால் என்றான்.

அதே வாகனம் வந்தது, கண்ணாடி இறங்கியது. ஏற ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள், இப்போதே ஏறாவிட்டால் நாளை வர வேண்டாம் என்றார் அதிகாரி. சிராஜ் என்னைப் பார்த்தான். அவனுக்கு வேறு வேலை கிடையாது என்று எனக்குத் தெரியும். எனக்கும் கிடையாது. இருந்தும் என் வாய் எனக்கு முன்னால் போய்விட்டது. ஏறு என்று யாருக்கும் நான் சொல்ல மாட்டேன், நாளைக்கு எனக்கும் சேர்த்து ஆள் பாருங்கள் என்றேன். அதிகாரி போனை எடுத்தார். யாருக்கு என்று தெரியாது, ஆனால் எங்கள் இரண்டு பேரின் பெயரும் கேட்டது.

அப்போது மோட்டர்சைக்கிள் சத்தம். கிளை விழவில்லை, "வெட்டியாச்சு" வரவில்லை என்று சந்தியில் காத்துக் காத்துப் பார்த்துவிட்டு நிமல் வந்துவிட்டார். அதிகாரி, நீர் இவர்களோடு கதைக்கக் கூடாது என்றார். நிமல் தலையாட்டினார். உண்மையிலேயே அவர் எங்களோடு கதைக்கவில்லை. ஹாண்டிலில் தொங்கிய சாக்குப் பையை எடுத்து வந்து, சிராஜின் மடியில் வைத்து, பையின் வாயைத் திறந்து காட்டினார். உள்ளே முழங்கை நீளத்தில் மூன்று பியூஸ் குழாய்கள். சந்தித் தூணில் நாங்கள் சுவிட்ச் என்று சொல்வது இவற்றைத்தான், இறக்கினது மட்டுமில்லை, கழற்றியே கொண்டு வந்திருக்கிறார். அவை தூணுக்குத் திரும்பிப் போகாமல் அந்தக் கம்பிக்குக் கரண்ட் கொடுக்க நிமலாலும் முடியாது, கொழும்பாலும் முடியாது.

சிராஜ் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தான். பிறகு பையை முடிந்து இடுப்பில் கட்டிக்கொண்டு எழும்பினான். பாரமாக இருக்கும், கீழே வைத்துவிட்டுப் போ என்றேன், கேட்கவில்லை. அதிகாரி கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். கொப்பு விழுந்தது, கம்பியில் தங்கி, புரண்டு நிலத்துக்கு வந்தது. ஒன்றும் நடக்கவில்லை, இந்த முறை உண்மையாகவே. ராத்தா வேலியடிக்கு வந்து கரண்ட் எப்போது வரும் என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் மேலேயிருந்து பதில் வந்தது.

"என்ட இடுப்புலதான் இரிக்கு ராத்தா, இறங்கினதும் தாறன்."

எங்கள் வேலை போகவில்லை, நிமலும் அன்றிலிருந்து ஒவ்வொரு மரத்துக்கும் அந்தப் பையைக் கொண்டுவந்து தருகிறார். இன்றைக்கும் காகிதத்தில் நாங்கள் முக்கியமில்லாத வேலைக்காரர்கள்தான், என்ன, நாங்கள் மரத்தை விட்டு இறங்கும் வரைக்கும் கந்தோரின் முக்கியமான வேலை எங்கள் சாக்குப் பைக்குள் கிடக்கிறது.